வேலப்பர் எவர் மகன்

வவுனியாவின் நெளுக்குளத்துக்கு மேற்கே, வயல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பாலையடிக்குளம் என்றோர் ஊர் உண்டு. மாசித் திங்களின் மாலைவெயில் அறுவடை முடிந்த தாளடிகளிற் பொன்னாய்ப் படிய, கொக்குகள் குளத்தின் ஓரத்தில் நின்று நாளின் கடைசி மீனுக்குக் காத்திருக்க, மேய்ந்து திரும்பும் எருமைகள் கிளப்பிய புழுதி அணைக்கட்டின்மேல் மெல்ல அடங்கிக்கொண்டிருந்த பொழுதில், அக்கட்டின் நடுவே புதிதாய் நாட்டிய கருங்கல் ஒன்று எழுத்தேதுமின்றி நின்றதைக் காண்பீர், அறிவுடையீர்! கல் வந்து சேர்ந்துவிட்டது. அதில் என்ன வெட்டுவது என்பதில்தான் ஊர் முட்டிக்கொண்டு நின்றது.

வேலப்பர் என்பவர் நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் காலத்துப் பாம்புக்கடி மருத்துவர். அழைத்த குரலுக்கு ஆறு தாண்டிச் சென்று, எந்நெறியார் எக்குடியார் என்று கேளாமல் உயிர் மீட்டுக் கொடுத்தவர். அவர் நினைவுக்கே அந்தக் கல். பிள்ளையார் கோயிற் கல்வெட்டு அவரைப் 'பாலையடிக்குளம் வள்ளியம்மை மகன்' என்றது. குளத்தின் அக்கரையிலுள்ள முதிரையடி முஸ்லிம்களிடம் இருந்த பழங்காணி உறுதிப் பத்திரமோ, ஆயிசா என்னும் பெண்மணி 'என் வீட்டுப் பிள்ளையாகிய என் மகன் வேலப்பனுக்கு' என்று தன் வயலை எழுதிக்கொடுத்ததைச் சொன்னது. ஒருவர்க்கு ஊரும் இரண்டு, தாயும் இரண்டு என்றால் யார்தான் ஒப்புவர்?

கல்வெட்டின் பக்கம் நின்றவர் யோகநாதனார். பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்று, வேலப்பர் வரலாற்றைத் தம் பரம்பரை முதுசொம் போலக் காத்துவந்தவர். உறுதியின் பக்கம் நின்றவள் மஸீனா. போர்க்காலத்தில் முதிரையடியை விட்டு இடம்பெயர்ந்தோர் மகளாய்ப் புத்தளத்துக் கொட்டிலில் வளர்ந்து, தன்னவர் முதிரையடிக்கு மீண்டபோது உடன் மீண்டு, வவுனியாவில் வரலாறு கற்பிப்பவள். அந்த உறுதியோடு அவள் படம் செய்தித்தாளில் வந்த அன்று யோகநாதனார்க்குத் தேநீர் இனித்தது குற்றம், கதவு கிறீச்சிட்டது குற்றம், மனைவி கமலாசனி வாய் திறந்தது பெருங்குற்றம். "நேற்றைக்கு வந்த பிள்ளை! அவவுக்கு வேலப்பரைப் பற்றி என்ன தெரியும்?" என்று அந்தத் தாளை மடித்து மடித்து, ஈயடிக்கும் அளவுக்குச் சுருக்கிவிட்டார் மனிதர். பொறாமை என்று அதற்குப் பெயர். வேறு மென்மையான பெயர் தேடி உம்மை ஏய்க்கமாட்டேன்.

இதிற் கொடுமை என்னவெனில், உறுதியை முதன்முதற் படித்த அன்றே அவர் உண்மையைக் கண்டுகொண்டார். முன்பிறந்த மக்களைப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்த குழந்தையைச் சுளகில் இட்டு அயலாள் ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்பாள். அயலாள் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுசென்று, தன் பிள்ளையென்று ஊர் கேட்கச் சொல்லி, பின் பெற்றவளிடமே வளர்க்கக் கொடுப்பாள். கூற்றுவன் கேட்டு வந்தால் பெற்றவளிடம் பிள்ளை இல்லை; 'என்னுடையது' என்று சொல்ல வேண்டியவள் வாங்கியவளே. விற்று வாங்கியதை வெளியிற் சொன்னால் கைகூடாது என்று பெண்கள் தமக்குள் மறைத்து நடத்தும் வழக்கம் அது. யோகநாதனார் அதை அறிவார். இரு குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்தபின் பிறந்த அவர் மகன் லக்ஷனும் அவ்வாறு விற்கப்பட்டவனே. அறிந்தும் வாய் திறவாதிருந்தார். திறந்தால் வேலப்பரிற் பாதி மஸீனாவுக்குப் போய்விடுமே! அவ்வுறுதியில் எழுதியிருந்ததைப் பற்றி மனைவியிடங்கூட அவர் மூச்சுவிடவில்லை.

கல்லில் வெட்டும் சொல்லை முடிவுசெய்ய ஊரவர் படிப்பகத்திற் கூடினர். கூட்டத்தை நடத்திய இளைஞன் நிரஞ்சன், மஸீனாவைப் பார்த்து, "ரீச்சர், ஆயிசா உம்மா பெத்த பிள்ளை எண்டால் வேலப்பன் எண்ட பேர் எப்பிடி வந்தது?" என்றான்.

அவள் தடுமாறினாள். "அது எனக்கு விளங்கேல்லைத்தான். ஆனா உறுதி பொய்யில்லை."

"அப்ப சேர் சொல்லுறமாதிரி, உறுதி எழுதினவர் விட்ட பிழைதான் போல. என்ன சேர், உங்கட 'வள்ளியம்மை மகன்' எண்ட வசனத்தையே கல்லிலை வெட்டுவமோ?"

"ஓம்" என்றார் யோகநாதனார். நெஞ்சு குளிர்ந்தது.

மஸீனா எழுந்தாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் கலங்கவில்லை. "வெட்டுங்கோ சேர். நாங்கள் திரும்பி வந்து எங்கட காணியைக் காட்டேக்குள்ள, 'நீங்கள் எப்ப இஞ்ச இருந்தனீங்கள்?' எண்டு கேக்கினம். எங்கட உம்மா ஒருத்தி இந்தக் குளத்துப் பிள்ளையை 'என்ர மகன்' எண்டு சொல்லி வயலும் குடுத்தவா. அதைக் காட்டத்தான் இவ்வளவு நாளும் நிண்டனான். இனி அதுவும் பொய் எண்டு ஆகட்டும்."

அப்பொழுது, தேநீர் பரிமாறிக்கொண்டிருந்த கமலாசனி தட்டைக் கீழே வைத்தாள். "என்ன பிள்ளை சொல்லுறீர்? வேலப்பன் எண்ட பேரையும் மாத்தாமல் விட்டுட்டு, மகன் எண்டும் எழுதினவாவோ?" என்று கேட்டு, கணவர் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, எங்கட லக்ஷனை ஆரிட்டை வாங்கினனாங்கள்?"

யோகநாதனார் தம் வசனம் எழுதிய தாளை மடித்து மடித்துச் சுருக்கினார்.

"சொல்லுங்கோ."

"ஸுல்பாட்டை" என்றார், கிணற்றுக்குள் இருந்து பேசுபவர் போல.

"ஓம். பக்கத்து வீட்டு ஸுல்பாக்குத் தவிட்டுக்கு வித்து வாங்கின பிள்ளை. அவன் அவாவை உம்மா எண்டு கூப்பிட்டுக்கொண்டு ஓடேக்குள்ள எனக்கு வயிறு பத்தி எரிஞ்சது. பெத்தவள் நான், பேர் அவாக்கோ எண்டு அடுப்படிக் குசினிக்குள்ள இருந்து அழுதனான். எண்டாலும் ஒரு நாளும், அவன் உன்ர பிள்ளை இல்லை எண்டு அவாக்குச் சொல்லேல்லை. சொன்னால் பிள்ளை போயிடும் எண்டு பயந்தனான். உங்களுக்கு என்ன பயம்?"

யோகநாதனார் எழுந்து நின்றார்.

"மஸீனா பிள்ளை, கல்வெட்டும் சரி, உம்மட உறுதியும் சரி. வள்ளியம்மை பெத்து, ஆயிசா தவிட்டுக்கு வாங்கின பிள்ளை அவர். உறுதியைப் படிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சேர் சொல்லேல்லை?"

"பொறாமை பிள்ளை. வேறொண்டும் இல்லை."

ஆக, 'வள்ளியம்மை பெற்ற மகன், ஆயிசா கொண்ட மகன், வேலப்பர்' என்று கல்லில் வெட்டினார்கள். இரு கரையாரும் கூடிய அவ்விழாவில் செய்தியாளர் மஸீனாவைச் சூழ்ந்துகொள்ள, யோகநாதனார் பின்வரிசை வெயிலில் தனியே நின்றார். அவர் மனம் தெளிந்துவிட்டது என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான், சொன்னாற் பொய்யாகும். எரிந்துகொண்டுதான் நின்றார். அக்கரை ஆள் ஒருவர் அவரை அணுகி, "எங்கட ஆயிசா உம்மாட பேர் இனி அழியாதுதானே சேர்?" என்று கேட்டபோதும் எரிந்தது; எரிய எரியவே, "அழிக்க விடமாட்டன்" என்றார்.

பொறாமை அவிந்தபின் உண்மை சொல்லலாம் என்று காத்திருப்போர்க்கு அந்த நாள் வாய்ப்பதில்லை, அறிவுடையீர்! வள்ளியம்மை மட்டும் எரியாமலா இருந்திருப்பாள்? தன் வயிற்றில் பிறந்தவனை இன்னொருத்தி தன் மகனென்று ஊர்முன் சொல்ல விட்டாள், அவன் வாழ்ந்தான்.