நங்கூரம் இல்லாத சைக்கிள்

கீரிமலையில் மலை கிடையாது. வழுக்கையாற்றில் ஆறு கிடையாது. மார்கழி மழைக்கு இரண்டு கிழமை ஆறு மாதிரி நடித்துவிட்டுப் போய்விடும். ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயர்தர வகுப்புப் புவியியல் படிப்பது, பட்டினி கிடந்துகொண்டு சமையற் குறிப்பு மனனம் செய்வது மாதிரி. நானும் சிமியோனும் அப்படித்தான் படித்தோம். மலையும் காணாத, ஆறும் காணாத சிமியோன், ‘ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றின் குறுக்குவெட்டு முகத்தை வரைக’ என்ற கேள்விக்கு இருபதுக்குப் பத்தொன்பது எடுத்தான். குறைந்த ஒரு புள்ளி, ஆற்றங்கரையில் பனைமரம் வைத்ததற்காக.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணியில் அவனுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தது. மகாவலி கங்கைக் கரை, சுற்றிவர மலை, மலை நிறையக் காடு. எனக்கும் அதே இடந்தான்; ஆனால் அடுத்த அணியில், தை மாதம் வரச் சொல்லிக் கடிதம். குருநகர்ச் சந்தையில் மீன் விற்கும் அவனுடைய தாய் மக்டலீன், அன்றைக்குச் சூடைமீனை விலை சொல்லாமல் அள்ளிக் கொடுத்ததாகக் கேள்வி.

குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். போகிறவன் குறித்த திகதிக்குத் திரும்பி வருவான் என்று இன்னொருவன் கையொப்பம் வைக்க வேண்டும். அவன் வராவிட்டால் கையொப்பம் வைத்தவன் குடாநாட்டை விட்டு அசைய முடியாது. அதற்கு மேலும் ஏதாவது தண்டனை உண்டா என்று விசாரிக்கும் அளவுக்கு எவருக்கும் பொது அறிவில் ஆர்வம் இருக்கவில்லை.

பாஸ் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீர் ஆர் அவருக்கு?”

“சிநேகிதன்.”

“சிநேகிதனை நம்பேலாது. வேறை என்னவும் இருந்தால் சொல்லும்.”

“அவன் என்ரை சைக்கிளைக் கொண்டு போறான்.”

“அதை முதலிலை சொல்லியிருக்கலாமே,” என்று முத்திரையைக் குத்தினார். மார்கழி இருபத்துநாலு, யேசு பிறந்த நத்தாருக்கு முதல் நாள், சிமியோன் வந்து நிற்க வேண்டும். வந்தால் தையில் நான் போகலாம்.

கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்தால், அங்காலே வவுனியாவரை அறுபது மைலுக்கு மேல் காட்டுக்குள்ளால் செம்மண் சரளை போட்ட கிறவல் றோட்டு. சிமியோனின் சைக்கிள் டயர் நாலு இடத்தில் தைத்த டயர். கடையில் புது டயர் இல்லை. டயர் மட்டுமா, பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, குளிக்கச் சவர்க்காரம் இல்லை. அரசாங்கம் எதையும் உள்ளே வர விடாது. அதனால் என்னுடையதைக் கொடுத்தேன். என்னுடையதில் டயர் நல்லது. பிறேக் கம்பியும் இருந்தது. பிறேக் கட்டைகள்தான் இல்லை. நாலையும் ஐயாவின் இறைப்பு மெசினுக்கு வாசர் வெட்டக் கழற்றியிருந்தேன். சிமியோனின் சைக்கிளிலும் கட்டை இல்லை; எவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் மிதிப்பதை விட்டால் சைக்கிள் தானே நிற்கும். அவசரம் என்றால் செருப்புக்காலைச் சில்லில் வைத்தால் காணும்.

ஒரு கிழமை பயிற்சி எடுத்தோம். நாவற்குழியிலிருந்து கொடிகாமம்வரை ரயில் பாதை. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட, சல்லி மட்டும் பாதையாகக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் ரயில் பாதையில் ரயில் இல்லாமல் பயணம் செய்த பெருமை எங்களைச் சேரும். மீசாலைக்குக் கிட்ட ஒரு பங்கர் மண்மேடு, ஐந்தடி உயரம். பத்துத் தரம் ஏறி இறங்கினோம். ‘மலை: முடிந்தது’ என்று சிமியோன் கொப்பியில் குறித்தான். அன்றைக்குத்தான் பொம்மர் வந்தது. சல்லியில் குப்புறக் கிடந்தோம். குண்டு வேறெங்கோ விழுந்தது. எழும்பிப் பார்த்தால் எனக்கு இரண்டு முழங்காலும் உரிந்திருந்தன. அவன் சைக்கிளை விழாமல் பிடித்தபடியே படுத்திருந்தான்.

“உன்ரை சாமான் மச்சான். உடைஞ்சால் அடுத்த முறை நீ பிணைக்கு வரமாட்டாய்.”

குருநகரில் புது வள்ளம் கடலில் இறங்குமுன் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் புனிதர் ஒருவரின் பெயர் எழுதுவார்கள். தன் மகன் ஏறப்போவது சைக்கிள் என்பதற்காக மக்டலீன் முறையை விடவில்லை. பாதிரியாரும் சிரிக்காமல் வந்து தெளித்தார். பின் மட்காட்டில் ‘அந்தோனியார் துணை’ என்று வெள்ளைப் பெயின்ற். சிமியோனின் தகப்பன் யாகப்பு பெரிய வள்ளக்காரர். நேவி கடலைப் பூட்டிய பிறகு முழங்காலளவு தண்ணீரில் வலை வீசுகிறவர். அவர் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எல்லாம் சரி தம்பி. உதுக்கு நங்கூரம் எங்கை?”

“பிறேக்கோ? அது என்னத்துக்கு? ரண்டு கால் கிடக்குத்தானே,” என்று செருப்பைத் தூக்கிக் காட்டினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் கூடச் சிரித்தேன்.

முதற் கடிதம் புரட்டாதியில் ஒரு பிரயாணியின் மடியில் வந்தது.

‘மச்சான் குகன், வன்னிக் கிறவல் றோட்டு எண்டது றோட்டில்லை, சிவப்பு மா. முன்னாலை போற ட்ராக்டர்காரன் அள்ளி எறிய நான் திண்டுகொண்டு போறன். ரண்டு பக்கமும் பாலை மரமும் வீரை மரமும் நெருங்கி நிக்குது, மத்தியானத்திலையும் குளிருது. முதல் நாள் முப்பது மைல், மூண்டு தரம் காத்துப் போச்சு. யானை ஒண்டு றோட்டைக் கடக்கும் மட்டும் அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டன். அதிட்டை ஒருத்தரும் பாஸ் கேக்கேல்லை. வவுனியாவிலை ஆமிக்காரர் சைக்கிளை ஆணி ஆணியாக் கழட்டிப் பாத்திட்டு ஒரு சாக்கிலை போட்டுத் தந்தவங்கள். திருப்பிப் பூட்ட ரண்டு ஆணி மிச்சம். ஓடுது. பஸ்ஸுக்கு மேலை ஏத்திக்கொண்டு வந்து சேந்திட்டன். அம்மாவுக்குச் சொல்லு.’

சொன்னேன். மக்டலீன் கடிதத்தை வாங்கி மணந்து பார்த்தார். வன்னிப் புழுதி இன்னும் அதில் இருந்தது.

இரண்டாவது ஐப்பசியில்.

‘மச்சான், மலை எண்டால் புத்தகத்திலை உள்ள மாதிரி ஒரு பக்கம் ஏறி மற்றப் பக்கம் இறங்கிற சாமான் இல்லை. ஏறி முடிஞ்சுது எண்டு பாத்தால் பின்னாலை இன்னொண்டு ஒளிச்சு நிக்குது. சனிக்கிழமையளிலை தேயிலைத் தோட்டத்துக் கிறவல் றோட்டாலை போறன். முக்கால்வாசி உருட்டல்தான். மேலை காடு, அட்டை கடிக்கும். அங்கை நிண்டு பாத்தால் கீழை கங்கை, நான் சோதினையிலை கீறின அதே வளைவு. பனைமரம் மட்டும் இல்லை. இறங்கேக்கை மிதிக்கவே தேவையில்லையடா! சும்மா இருக்கலாம். எங்கடை ஊரிலை ஒருத்தனுக்கும் இந்தச் சுகம் தெரியாது. நிப்பாட்டிறதுதான் கரைச்சல், ஒரு இறக்கத்துக்கு ஒரு செருப்பு. கண்டியிலை கடை நிறையச் சாமான். கடைக்காரன் “வேறை என்ன வேணும்” எண்டு கேக்கிறான். என்ன சொல்லுறது எண்டு தெரியாமல் வெளியிலை வந்திட்டன். உனக்கும் ஒரு சாமான் வாங்கி வைச்சிருக்கிறன். நத்தாருக்கு வரேக்கை கொண்டு வாறன். என்னெண்டு இப்ப சொல்லமாட்டன்.’

பதில் எழுதினேன். செருப்புக் கடைக்காரனின் மகளைப் பார்த்துக் கலியாணம் முடி, செலவு குறையும் என்று எழுதினேன். நல்ல பகிடி என்று நினைத்து இரண்டு தரம் வாசித்துவிட்டு உறையை ஒட்டினேன். பிறேக் கட்டை வாங்கிப் பூட்டடா என்று எழுத எனக்குத் தோன்றவில்லை.

மார்கழி இருபதாம் திகதி, நாங்கள் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து இருந்த கொக்குவில் வீட்டுப் படலையை ஒருவர் தட்டினார். கிளாலியால் வந்த சேறு காலில் இருந்தது. பெயர் அருட்பிரகாசம், பேராதனையில் சிமியோனின் அறைத்தோழன் என்றார்.

“சிமியோன் பின்னாலை வாறானோ?” என்று கேட்டேன்.

“தந்தி கிடைக்கேல்லையோ?”

தந்தி என்ற சாமானை யாழ்ப்பாணம் கடைசியாகக் கண்டது இரண்டு வருடத்துக்கு முன்.

அருட்பிரகாசம் வாங்குப் பலகையில் இருந்தபடி நிலத்தைப் பார்த்துச் சொன்னார். “போன மாசம் இருபத்தெட்டு, சனிக்கிழமை. மழை விட்ட கையோடை போனவன். தோட்டத்து றோட்டு ஆத்துக்கு இறங்கிற இடத்திலை ஒரு திருப்பம். கிறவல் எல்லாம் உருண்டு கிடந்தது. சைக்கிள் கீழை பாலத்துச் சுவரிலை அடிச்சுப் போட்டுது. செருப்பு ரண்டும் மேலை, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாக் கிடந்ததாம். கண்டியிலைதான் அடக்கம் செய்தம். இஞ்சை கொண்டுவர விடாங்கள்.”

ஷெல்லடிக்குத் தப்பியவன். பொம்மருக்குத் தப்பியவன். நேவிக்கும் யானைக்கும் தப்பியவன்.

சிமியோனின் பெட்டியில் இருந்தவற்றை அருட்பிரகாசம் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். தாய்க்கு வாங்கிய சவர்க்காரத்தை வவுனியாவில் எடுத்துவிட்டார்களாம். தகப்பனுக்கு வலை கட்டும் தங்கூசி நூல் ஒரு சுருள். எனக்குப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே என் பெயர் எழுதிய ஒரு பொதி. அவிழ்த்தேன். நாலு பிறேக் கட்டைகள். புதிது.

“நானும் கேட்டனான்,” என்றார் அருட்பிரகாசம். “இதைச் சைக்கிளிலை பூட்டன் எண்டு. கடையிலை வேறை கிடக்குத்தானே, பிறகு வாங்கிக் குடு எண்டு. பாவிச்சால் பழசாப் போம், இது ஊருக்கு எண்டான்.”

இது வெளியூர் ஆளுக்கு விளங்காத பிழை. எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களுக்கு நல்ல சாமான் கையில் கிடைத்தால் அதைப் பாவிக்கக் கை வராது. எடுத்து வைக்கத்தான் வரும். என் ஐயா ஒரு வாசச் சவர்க்காரத்தை இரண்டு வருடமாக மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிப் பெட்டிக்குள் வைக்கிறார். கடை நிறையக் கிடந்தாலும் சிமியோன் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தான்.

அவன் விட்டுப்போன பழைய சைக்கிளை எடுத்து, நாலு கட்டையையும் பூட்டினேன். ஐயா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குருநகருக்கு மிதித்தேன். நேரமெடுத்துத்தான் மிதித்தேன். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் எந்த இடமும் போதிய தூரத்தில் இல்லை.

யாகப்பு வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பழக்கத்தில் என் காலைப் பார்த்தார். நான் பிறேக்கைப் பிடித்தேன். சைக்கிள் அப்படியே நின்றது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

“பாரடி மக்டலீன், தம்பி நங்கூரம் வைச்சிட்டான்,” என்று அவர் சிரித்தார். “எங்கையடாப்பா எடுத்தனி?”

உள்ளேயிருந்து மக்டலீனின் குரல் வந்தது. “அவன் எப்ப வாறானாம்? நத்தார்ப் பலகாரத்துக்கு மா இடிக்க வேணும்.”

நான் நூல் சுருளை நீட்டினேன். யாகப்பு அதை வாங்கி, விரலால் இழுத்து, நல்ல நூல் என்று சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த நத்தாருக்கு அந்த வீட்டில் மா இடிக்கவில்லை. பண்டிகைக்கு மறுநாள் மக்டலீன் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “அவன்ரை குழிக்கு ஒரு சிலுவை நாட்டவேணும் தம்பி. நீ போவியோ?”

தை பிறந்து பாஸ் கந்தோருக்குப் போனேன். யாகப்புவும் வந்தார். அதே மேசை, அதே ஆள். கொப்பியை விரித்தார்.

“யாகப்பு சிமியோன். இருபத்துநாலாந் திகதி வந்திருக்க வேணும்.”

அருட்பிரகாசம் கொண்டுவந்த, கண்டிப் பாதிரியாரின் அடக்கக் கடிதத்தை நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். ‘வந்த திகதி’ என்ற இடத்தில் ஒரு கோடு கீறினார்.

“இப்ப உமக்குப் பிணை ஆர்?”

“நான்,” என்றார் யாகப்பு.

“நீங்கள் ஆர் இவருக்கு?”

யாகப்பு வாசல் பக்கம் கை காட்டினார். “என்ரை மோன்ரை சைக்கிளைக் கொண்டு போறான்,” என்றார். “சித்திரையிலை கொண்டு வந்து தரவேணும்.”

முத்திரை விழுந்தது.

வெளியே வந்து, சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை யாகப்பு எடுத்தார். பிறேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குத் தள்ளினார். அசையவில்லை. விட்டுத் தள்ளினார், உருண்டது. மறுபடி பிடித்தார். றோட்டில் போன சனம் பார்க்கப் பார்க்க, கந்தோர் வாசலிலிருந்து மூலைக் கடைவரை பிடித்தும் விட்டுமாகத் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன்.

“பிடிக்குது,” என்றார்.