இருபத்துநாலு சதவீதம்

மதகின் இடது சுவரில் அன்பரசன் உள்ளங்கையை வைத்தான். ஜில்லென்றிருந்தது. இருக்கக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் முழங்கால் உயரத்துக்குக்கூட வரவில்லை. அதற்குள் சுவரின் வயல் பக்கம் வேர்த்துவிட்டிருந்தது.

கட்டி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பஞ்சாயத்து வேலை. திருவையாற்றுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில், அவன் தெருவிலிருந்து கான்ட்ராக்ட் எடுத்த முதல் ஆள் அவன்தான். அவனுடைய அப்பா இதே வாய்க்காலில் கூலிக்கு மண் வெட்டியவர். இப்போது மதகின் நெற்றியில் பஞ்சாயத்தின் பெயருக்குக் கீழே, ஒப்பந்ததாரர் என்று போட்டு, அவன் பெயர் நீல பெயிண்டில் பளிச்சென்று நின்றது. காலையில் அவன் மனைவி கனிமொழி அதைப் போனில் படம் பிடித்து சிங்கப்பூரிலிருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள்.

கரையில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மேட்டூர்த் தண்ணீர் ஊருக்குள் நுழையும் முதல் நாள். தாம்பாளத்தில் பூவும் விதைநெல்லும் சூடமும் தயாராக இருந்தன. அன்பரசன் புளியமரத்துப் பக்கம் ஒதுங்கி, ஒன்றிய அலுவலக ஓவர்சீயர் புகழேந்திக்குப் போன் போட்டான்.

"சார், மதகு சுவரு கசியுது."

"புதுச் சுவரு அப்படித்தான்யா கசியும். ரெண்டு நாள்ல வண்டல் அடைச்சுக்கும்."

"இல்ல சார். உள்ளுக்குள்ள பழைய செங்கல்லு. தளம் மூணே இஞ்சுதான்."

போனில் கேட்டுக்கொண்டிருந்த டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

"எஸ்டிமேட்ல அப்படித்தான் எழுதுனேன், சரி. நீ எவ்வளவு போட்ட?"

"எஸ்டிமேட்ல இருந்ததைத்தான் சார் போட்டேன்."

"அடப் பாவி! எழுதினபடியே கட்டிட்டியா?"

அந்தக் கேள்வியில் இருந்தது உண்மையான திகைப்பு. கட்டியது பிசகு என்று அந்த மனிதர் சொல்லவில்லை. எழுதியதை நம்பியது பிசகு என்கிறார்.

விஷயம் இதுதான். பஞ்சாயத்துக்குச் செய்யும் வேலையில், வாங்கிப் போடும் பொருளின் மதிப்பு மொத்தத்தில் இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. மீதியெல்லாம் உழைப்பாக இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் மொத்தத்துக்கும் பதினெட்டு சதவீத வரி. வந்த நிதியோ குறைவு. வரி கட்டினால் வாய்க்காலைப் பாதியோடு நிறுத்த வேண்டியதுதான். அதனால் தூர்வாருவதையும் மதகையும் ஒரே வேலையாகச் சேர்த்து, சிமெண்டையும் கம்பியையும் இறுக்கிப் பிடித்து, பொருள் இருபத்துநாலு சதவீதம் என்று புகழேந்தி எழுதினார். வரி மிச்சமானது. அந்த மிச்சத்தில் வாய்க்கால் கடைசி வயல் வரை வெட்டப்பட்டது. போன வருடம் சொட்டுத் தண்ணீர் பார்க்காத கடைமடைக்கு இன்று ஆறு வருகிறது, வேகமாகவே வருகிறது. அதில் பொய் ஒன்றுமில்லை.

மற்ற கான்ட்ராக்டர்களாக இருந்தால் வேறொரு வேலைக்கு இறக்கிய சிமெண்டில் நாலு லோடு இங்கே தள்ளியிருப்பார்கள். பேப்பரில் ஒல்லி, நேரில் பருமன். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அன்பரசனுக்கும் தெரியும். கனிமொழி பி.காம். படித்தவள், பில் எல்லாம் அவள்தான் ஏற்றுகிறாள். "சிமெண்டு நம்ம ஜி.எஸ்.டி. நம்பர்லதான் ஏறும். ஒரு மூட்டை கூட வாங்குனாலும் கம்ப்யூட்டர்ல நிக்கும்ங்க. நாளைக்கு நோட்டீஸ் வந்தா நமக்காக எவன் வந்து பேசுவான்?" என்றாள். கொத்தனார் முணுமுணுத்தபோதும் வாயை மூடிக்கொண்டு எழுதியபடியே கட்டினான்.

"சார், ஆத்துத் தலைப்பு ஷட்டரை ரெண்டு நாள் அடைக்கச் சொல்லுங்க. என் செலவுல தளத்தைப் போட்டுடறேன்."

"எதுக்கு அடைக்கணும்னு பொதுப்பணித் துறைக்காரன் எழுத்துல கேப்பான். யாரு எழுதிக் குடுக்கறது? நீயா, நானா?" புகழேந்தி குரலைத் தாழ்த்தினார். "மதகைத் தொறக்காம பாத்துக்க. தொறந்தா அடித்தளத்தை அரிச்சிரும்." போன் நின்றது.

திரும்பினால் எதிரில் சாமிதுரை. மதகை ஒட்டிய முதல் வயல் அவருடையது. போர்வெல் தண்ணீரில் வளர்ந்த குறுவை நாற்று அங்கே பறிக்கத் தயாராக நின்றது.

"என்னப்பா அன்பு, எல்லாரும் உன்னையத்தான் தேடுறாங்க. கட்டுனவன் நீ. இந்த வருஷம் நீயே தொற."

கூட்டத்தில் யாரோ, "கான்ட்ராக்டர் சார், பேண்ட்டை மடிச்சு விட்டுக்குங்க!" என்றான். சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. இத்தனை வருடத்தில் அந்தத் தெருக்காரன் ஒருவனின் கையில் மதகுச் சாவி கொடுக்கப்பட்டதில்லை. அன்பரசனின் தெருப் பெண்கள் எதிர்க்கரையில் நின்றார்கள். கனிமொழி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

மதகுப் பலகையைத் திருகித் தூக்கும் இரும்புச் சாவி கைக்கு வந்தது. கனத்தது. திறந்தால் ஐந்து நிமிடக் கைதட்டல். அப்புறம் தளம் போகும், சுவர் போகும், கரை போகும். திறக்காவிட்டால்?

"தொறக்க வேணாம்ண்ணே."

"என்ன?"

"தாங்காது. சிமெண்டு கம்மி. வரி வராம இருக்கணும்னு கம்மியா எழுதுனாங்க. நான் அப்படியே கட்டிட்டேன்."

சாமிதுரையின் முகம் மெல்ல இறுகியது.

"எழுதறவன் ஆயிரம் எழுதுவான். வரிக்குப் பயந்துக்கிட்டு இப்படியா ஒருத்தன் கட்டுவான்?"

"பயந்துதான்ண்ணே கட்டுனேன். உங்க மாப்பிள்ளையும் கான்ட்ராக்டர்தான். அவரு கட்டியிருந்து நோட்டீஸ் வந்தா, போயி உக்காந்து பேசிட்டு வருவாரு. என்னைய உக்காரச் சொல்லுவாங்களா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுவரின் மூலையிலிருந்து விரல் தடிமனில் ஒரு பீச்சல் கிளம்பியது. செம்மண் நிறம். ஒரு செங்கல் அசைந்தது, எல்லோருக்கும் தெரியும்படி.

"மூட்டை! சாக்கு எடுத்தாங்கடா!" என்று கரையில் ஒருவன் கத்தினான்.

சாக்குகள் வந்தன. உரச்சாக்கு, தவிட்டுச்சாக்கு, ரேஷன் அரிசிச்சாக்கு. மண்தான் இல்லை. கரையில் வெட்டினால் கரை பலவீனமாகும். சுற்றிலும் வெடித்த களிமண், காய்ந்து கல்லாகக் கிடந்தது. மண்வெட்டி பட்டுத் தெறித்தது. ஈரமாக, இளக்கமாக, அள்ளத் தோதாக அங்கே இருந்த மண் ஒரே இடத்தில்தான்.

சாமிதுரை தன் நாற்றங்காலைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார். தான் இறங்கவில்லை. அன்பரசனிடம் நீட்டினார்.

"நீ வெட்டு."

அன்பரசன் இறங்கினான். முதல் வெட்டில் நாற்று வேரோடு சரிந்தது. எதிர்க்கரையிலிருந்து கனிமொழி போனை இடுப்பில் செருகிக்கொண்டு அதற்குள் முழங்காலைத் தாண்டிவிட்ட தண்ணீரைக் கடந்து வந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள். மேலே நின்றவர்களில் சிலர் வரிசையாகக் கைமாற்றினார்கள். சிலர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

மூட்டைகள் சுவரின் வாய்க்கால் பக்கம் அடுக்கடுக்காக ஏறின. கட்டுவதற்குக் கயிறு போதவில்லை; வாய் திறந்தபடியே கிடந்தன. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் ஒரு சாண் பச்சை எட்டிப் பார்த்தது. தண்ணீர் முதல் வரிசையை மூடியது. மூழ்கிய நாற்றுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நட்ட வயலில் ஆடுவதுபோல ஆடின. தண்ணீர் இரண்டாவது வரிசைக்கு ஏறிக்கொண்டிருந்தது.