ஓவர்சீயர் வீட்டு வண்டி

ரோட்டு ஓவர்சீயர் தாணுமாலயன் பென்ஷனில் வந்த கொஞ்ச நாளில் ஒரு பழைய பஸ்ஸை விலைக்கு வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்து சேர்ந்தார். சங்கரன்கோவில் ரோட்டில் ஓடி ஓடித் தேய்ந்த செவர்லே வண்டி அது. கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு மேற்கே அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்கு முன்னால் அது வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. அவர் மனைவி பேராச்சியும் வாசலுக்கு வந்து பார்த்தாள். ஓட்டுகிறவர் சீட்டைத் தவிர மற்றதை எல்லாம் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே மரச் சட்டங்கள் விலா எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றன. வெளித்தகரத்தில் அடித்த ஆணிகளின் முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இதற்கு உள்பலகை அடித்து, கட்டில் போட்டு, அடுப்பு வைத்துவிட்டால் வீடு மாதிரிதான், காசி வரைக்கும் போய் வரலாம், ஒரு சத்திரத்து வாசலிலும் போய் நிற்க வேண்டாம் என்று சொன்னார். பேராச்சி உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பு அசந்துபோன மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு ஊரில் தரித்து இருந்ததில்லை. புளியரைக் கணவாயில் ரோடு போட்டபோது கூடாரம். பாபநாசத்தில் சர்க்கார் பங்களாவுக்குப் பின்னால் ஒரு தாழ்வாரம். சிவகிரிப் பக்கம் மறுபடியும் கூடாரம். எங்கே போனாலும் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிவிடலாம், அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஊருக்கு ஒரு அம்மியை விட்டுவிட்டு வந்தவள் அவள். ஒரே மகனும் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டான். பென்ஷன் ஆனதும் சொந்தமாக ஒரு வீடு பார்ப்போம் என்று அவர்தான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சக்கரம் வைத்த வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

மறுவாரம் பின்கட்டில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டு வேலை தொடங்கியது. பஸ்ஸுக்குக் கூடு கட்டிப் பழகிய ஆவுடையப்ப ஆசாரி வந்தார். செங்கோட்டை மரக்கடையிலிருந்து அயினிப் பலகை வந்து இறங்கியது. பலகை இழைக்கிற இழைப்புளிச் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டது. பேராச்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காப்பியைக்கூடப் பின்வாசல் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்.

ஒருநாள் தாணுமாலயன் தாலுகா கச்சேரிக்குப் போயிருந்தார். குரல் கொடுத்தும் ஆசாரி வரவில்லை. காப்பி ஆறிப்போகிறதே என்று அவளே எடுத்துக்கொண்டு போனாள். ஆசாரி உள்ளே பலகையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், கையை எடுக்க முடியவில்லை. அவள் ஏறி உள்ளே நின்றாள். ஒரு பக்கத்துச் சுவர் முடிந்திருந்தது. சட்டத்துக்கும் தகரத்துக்கும் இடையில் வெக்கை இறங்காமல் இருக்கத் தேங்காய்நாரைத் திணித்து, மேலே பலகை அடித்திருந்தார். கை வைத்தால் வழுவழுவென்று இருந்தது. கட்டில் வரும் இடத்துக்கு நேர்மேலே சாமான் வைக்க ஒரு நீளத் தட்டு.

புளியரையில் மாட்டுவண்டி குலுங்கி நெய்ப்பானை அவள் நெற்றியில் விழுந்தது அப்போது ஞாபகம் வந்தது.

"ஆசாரியாரே, இந்தத் தட்டை இங்கன வைக்காதீங்க. வண்டி ஒரு வளைவு திரும்புனா எல்லாம் படுத்திருக்கவ தலையிலதான் விழும். கால்மாட்டுக்குக் கொண்டுபோங்க. முன்னால தடுப்பா ஒரு ரீப்பர் சட்டமும் அடிங்க" என்றாள்.

ஓவர்சீயர் ஐயா சொன்ன இடம் இதுதான் என்று ஆசாரி தயங்கினார். சாயங்காலம் ஓவர்சீயர் வந்ததும் ஆசாரி அவரிடமே கேட்டார். தாணுமாலயன் மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே ஏறியதே அவருக்குப் பெரிய சமாச்சாரம். அவள் சொன்னபடியே செய்யச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் தினமும் போனாள். அரிக்கேன் விளக்கு ஆடிச் சுவரைச் சுடாமல் இருக்க அதன் பின்னால் ஒரு துண்டுத் தகரம் அடிக்க வைத்தாள். அடுப்பு வரும் மூலையில் பலகை அடிக்க வேண்டாம், தகரமே போதும் என்றாள். ஓட்டுகிறவர் இடத்துக்கும் உள்ளுக்கும் நடுவே தாணுமாலயன் திறப்பு விடச் சொல்லியிருந்தார். அவள் அதை முழுச் சுவராக அடைக்கச் சொன்னாள். கூடாரத்தில் இருந்த காலமெல்லாம் சேலை மாற்றக்கூட யாராவது கூலியாள் எட்டிப் பார்ப்பானோ என்ற பயத்திலேயே அவளுக்குப் போயிருந்தது. அதை அவள் அவரிடம் சொன்னதே இல்லை. இப்போது சொன்னாள். அவர் திறப்புக்கு அளந்து வைத்திருந்த சட்டத்தைத் தானே கழற்றினார்.

பெயிண்டில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது. அவர் பச்சைப் பெயிண்ட் டின் வாங்கி வைத்திருந்தார். இந்தச் சர்க்கார் பச்சையை ஆயுசு பூராவும் பார்த்தாயிற்று, இதற்குள்ளும் அதைத்தான் பார்க்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். பலகையின் நிறமே நன்றாக இருக்கிறது, வார்னிஷ் மட்டும் அடித்தால் போதும் என்றாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பச்சை டின்னை அண்டை வீட்டு மாட்டுக்கொட்டகைக் கதவுக்குக் கொடுத்துவிட்டார்.

பின்கதவை அவள் தன் இஷ்டத்துக்கே செய்தாள். உள்பக்கம் தேங்காய்நார் வைத்து, மேலே அரக்கு நிற ரெக்சின் இழுத்துப் பித்தளை ஆணி அடித்தார்கள். அதன் கீழ்ப்பாதியில் வெற்றிலைச் செல்லத்துக்கும் பாக்குவெட்டிக்கும் விசிறிக்கும் பை மாதிரி வைத்துத் தைத்தாள். உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாளை ஆசாரி இரண்டு தடவை மாற்றினார், கையில் கனமாக விழ வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். ராத்திரி படுக்கும்போது எப்போதாவது அந்தக் கதவை நினைத்துக்கொள்வாள். தன் வாழ்க்கையில் ஒரு ஆணி எங்கே அடிக்க வேண்டும் என்று யாரும் இதுவரை தன்னைக் கேட்டதில்லை என்று தோன்றும்.

ஆனி கடைசியில் சாரல் இறங்கியது. வார்னிஷ் காயவில்லை, இன்னும் ஒரு பத்து நாள் போகட்டும் என்றார் ஆசாரி. தாணுமாலயனுக்குப் பொறுக்கவில்லை. குற்றாலம் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். அவள் காப்பி போட்டாள். வெளியே தூறல் சல்லடையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. காப்பி குடித்து முடித்துத் தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினால் கதவு அசையவில்லை. பலகை ஈரத்தில் ஊதிச் சட்டத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. நடுச்சுவரிலும் திறப்பு இல்லை. ஜன்னலில் கம்பி.

அவர் தோளைக் கொடுத்து இடித்தார், பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். யாராவது இந்தப் பக்கம் வருவார்கள், அதுவரைக்கும் இருப்போம் என்று அவள் சொன்னாள். இருவரும் இப்படிச் சும்மா உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"பேராச்சி, ஒனக்குக் காசிக்குப் போவ மனசில்லதான?" என்று அவர் கேட்டார்.

"இல்ல."

"பொறவு என்னத்துக்கு இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச?"

அவள் காலி டம்ளர்களை எடுத்து அடுப்போரம் வைத்தாள். பிறகு சொன்னாள். வாசுதேவநல்லூரில் இருக்கிற அவள் அக்கா உலகம்மாள் வீட்டுக்கு அவள் போய்ப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. அக்கா மகள் கல்யாணத்தில் ஏதோ மனஸ்தாபம் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். கல்யாணத்தன்று குத்துவிளக்கை இந்தப் பக்கம் வைக்கலாமே என்று பேராச்சி சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உலகம்மாள் திரும்பி, கூடாரத்துல குடும்பம் நடத்துதவளுக்கு வீட்டு மொறை என்ன தெரியும் என்று கேட்டுவிட்டாள். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று நினைத்துச் சாப்பிடாமல் கிளம்பி வந்தவள்தான்.

"இப்ப எனக்குன்னு சுவரும் கதவும் இருக்கு. அவ வாசல மிதிக்காமலே அவ வீட்டு முன்னால போயி நிக்கலாம். அதுக்குத்தான்" என்றாள்.

தாணுமாலயன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கூடாரம் அவர் கொடுத்தது. இத்தனை வருஷம் அந்தச் சொல்லைத் தன் காதில் விழாமல் அவள் மறைத்து வைத்திருந்தது அவருக்கு என்னவோ செய்தது. காசி எங்கேயும் ஓடிப் போய்விடாது, முதலில் வாசுதேவநல்லூர் போவோம் என்றார்.

அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற முப்பிடாதி என்ற ஆள் அந்த வழியாக வந்தான். சங்கதியைக் கேட்டுச் சிரித்துவிட்டு வெளிக்கைப்பிடியைப் பிடித்தான். எண்ணெய்க் கை வழுக்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்ததும் கதவு திறந்தது, ரெக்சினில் இரண்டு பித்தளை ஆணி தெறித்து விழுந்தது.

ஆசாரி கதவைக் கழற்றி விளிம்பை இழைத்தார். வெயில் கண்ட நாள்களில் மறுபடியும் வார்னிஷ் அடித்துக் காயவிட்டார்கள். ஆவணி பிறந்ததும் ஒரு காலையில் கடையநல்லூர், புளியங்குடி வழியாகப் போய் வாசுதேவநல்லூரில் உலகம்மாள் வீட்டு முன்னால் வண்டி நின்றது. தாணுமாலயன் இறங்கித் தெருமுனைப் பக்கம் நடந்துவிட்டார். பேராச்சி பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே இருந்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் பதினாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். 

உலகம்மாள் வெளியே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். வண்டியைச் சுற்றி வந்து கதவுக்கு முன்னால் நின்றாள்.

"ஏட்டி, வீட்டுக்கு வந்தவ உள்ள வரமாட்டியா?"

"நீ ஏறி வா."

படி உயரமாக இருந்தது. உலகம்மாளால் முழங்காலை மடக்க முடியவில்லை. பேராச்சி யோசிக்காமல் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து ஏறி வந்து, கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். கதவுப் பையிலிருந்த விசிறியை எடுத்து வீசிக்கொண்டாள்.

"அந்தச் சேலைக்காகவா இத்தனை வருஷம் வராம இருந்த?" என்று கேட்டாள்.

பேராச்சிக்குப் புரியவில்லை. உலகம்மாளே சொன்னாள். கல்யாணத்தில் பட்டுக்குப் பதிலாக நூல்சேலை எடுத்துக் கொடுத்ததில்தான் தங்கை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டாள் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சித்தி ஏன் கோபித்துப் போனாள் என்று சம்பந்தி வீட்டார் அன்று பூராவும் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். அது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. கூடாரம் என்று சொன்னதே அவளுக்கு ஞாபகமில்லை. பேராச்சி சொல்லிக் காட்டியபோது, நானா, நானா என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேராச்சிக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. தான் தினம் தினம் நினைத்து வெந்துபோனது இவளுக்கு ஞாபகத்திலேயே இல்லையா? அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணீர் மூக்கோரம் வழிந்துகொண்டிருந்தது. சேர்த்து வைத்திருந்த சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீ கொடுத்த சேலைய இன்னும் வச்சிருக்கேன்க்கா. நல்ல சேலை" என்றாள்.

"சொல்லிட்டேன்னா சொல்லிட்டேன்தான். மனசுல வச்சுக்கிடாத" என்றாள் உலகம்மாள்.

மத்தியானச் சாப்பாட்டை உலகம்மாளின் மருமகள் வண்டிக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் குளிப்பதற்குப் பேராச்சி பின்கட்டுக் கிணற்றுக்குப் போனாள். முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.  ஒரு வாரம் அங்கே தங்கினார்கள். அக்காளும் தங்கையும் வண்டிக்குள் படுத்துக்கொண்டு பேசினார்கள், தாணுமாலயன் வீட்டுக்குள் உலகம்மாள் மகனோடு படுத்துக்கொண்டார்.

காசிக்கு அவர்கள் போகவில்லை. ராமேஸ்வரம் வரைக்கும் ஒரு தடவை போனார்கள். அதற்குப் பிறகு யுத்தம் வந்து பெட்ரோலுக்கு அளவு வைத்துக் கூப்பன் வந்துவிட்டது. அது வரும் வரைக்கும் வருஷா வருஷம் சாரல் தொடங்கியதும் வண்டி வாசுதேவநல்லூர் போய் உலகம்மாளை ஏற்றிக்கொண்டு குற்றாலம் வரும். அக்கா அடுப்பு மூலை இடது பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லுவாள். தங்கை, இது என் வீடு, இங்கன இப்படித்தான் என்பாள். இருவரும் அரை நாள் பேசாமல் இருப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி காப்பி போடுவாள்.