சாகும்போது கொடுத்த அப்பம்

மெலிதினா செத்துப் பிழைத்ததில் யாருக்கும் சந்தோஷமில்லை. அவளுக்கே இல்லை என்னும்போது மற்றவர்களைச் சொல்லி என்ன?

பதினான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் கிறிஸ்தவ சபையின் வெளிவாசலில்தான் நின்றாள். வெயிலானாலும் பனியானாலும் அங்கேதான். உள்ளே போகிறவர்களைப் பார்த்து, "எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க" என்று கேட்க வேண்டும். பாவத்துக்குத் தவமாக வாசலில் நிற்பவர்களுக்கு அதுதான் விதித்த வேலை. எங்கள் ஆற்றங்கரை ஊரில் அப்போது அப்படி நின்றவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் தோல் பதனிடுகிறவர்கள். சபையாரைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில் பயந்துபோய் விக்கிரகத்துக்குத் தூபம் போட்டவர்கள். அவர்களுக்கு இத்தனை வருடம் என்று ஒரு வரம்பு இருந்தது. மெலிதினாவுக்கு அதுவும் இல்லை. கருவைக் கலைத்தவளும், கலைக்க மருந்து இடித்துக் கொடுத்தவளும் சாகும் நேரம் வரைக்கும் வெளியேதான் என்பது பழைய விதி. மூச்சு அடங்கப் போகிற நேரத்தில் ஒரு துண்டு நற்கருணை அப்பம் நாக்கில் வைப்பார்கள். அதோடு சரி.

அவள் மருந்துக்காரி. காய்ச்சலுக்கு, கல்லடைப்புக்கு, பால் கட்டினதற்கு எல்லாம் ஊரே அவளிடம்தான் வரும். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் வேர் இடிப்பதை அவள் விடவில்லை, விடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஒரு மழைக்காலத்தில் சபையைச் சேர்ந்த விதவை ஒருத்தி முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். ஐந்து மாதம். மெலிதினா இடித்துக் கொடுத்தாள். உருவாகும்வரை அது வெறும் ரத்தம் என்று மருத்துவச்சிகள் சொல்வதை அவளும் சொல்லிக்கொண்டாள். பிறகு கழுவுவதற்குக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது விரல்கள் இருந்தன. எண்ணிப் பார்க்கக்கூடிய விரல்கள்.

விதவை அந்த மாதமே கம்பளிப் பொதி வண்டிகளோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். மெலிதினாவை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே மூப்பர் துரோபிமோஸிடம் போய்ச் சொன்னாள்.

ஊரில் மற்றவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. வேண்டாத பிள்ளையை மதிலுக்கு வெளியே சாம்பல் மேட்டில் வைத்துவிட்டு வருவது அப்போது சகஜம். விடியற்காலையில் சபைப் பெண்கள் போய்ப் பார்த்து, உயிரிருந்தால் எடுத்து வந்து வளர்ப்பார்கள். அடுத்த வீட்டு ஸோதிகே ஆற்றில் கம்பளி அலசுகிறவள், பழைய சாமிகளைக் கும்பிடுகிறவள். அவள் சொல்வாள்: "எங்க சாமிக்கெல்லாம் இதைப் பாக்க எங்கக்கா நேரம்? அதுங்களுக்கு அதுங்க சண்டையே பெருசு. உங்க சாமிதான் அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பாக்குது."

மெலிதினா வேரை இடித்துக்கொண்டே இருப்பாள். கருவிலேயே போன குழந்தைகளை ஒரு தேவதூதன் எடுத்து வளர்க்கிறான் என்று சபையில் சிலர் சொல்லக் கேட்டிருந்தாள். அப்படியானால் அந்தக் கிண்ணத்துப் பிள்ளைக்கு இந்த வருடம் பதினான்கு வயது. ஆணா பெண்ணா என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.

பாஸ்காப் பண்டிகைக்கு முந்தைய உபவாச நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் குளிர், இரண்டாம் நாள் நெருப்பு, மூன்றாம் நாள் வாயில் கசப்பு. அவளுக்குத் தெரியாத காய்ச்சலா? ஆற்றுப்பாலைப் பட்டையைத் திராட்சரசத்தில் காய்ச்சித் தேன் விட்டு மூன்று வேளை குடித்தால் இறங்கிவிடும். படுக்கையிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஜாடி இருந்தது. அவள் ஜாடியைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்தொன்பது வயது. பிழைத்தால் மறுபடி வாசல். செத்தால் அப்பம்.

ஐந்தாம் நாள் மூப்பர் துரோபிமோஸ் வந்தார். இடுப்பு வலிக்காரர், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். கூடவே திருத்தொண்டர் லூபோஸ். விரல் நுனியில் நீலம் பூத்திருந்ததைப் பார்த்து மூப்பர் தயங்கவில்லை. அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்து நாக்கில் வைத்தார். மெலிதினா அதை மென்றது அவருக்கே கேட்டது. அவள் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. இனி விடியாது என்று எல்லோரும் போய்விட்டார்கள்.

விடிந்தது. அதற்கடுத்த நாளும் விடிந்தது. ஸோதிகே கம்பளியையெல்லாம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து எதையோ ஊற்றிக்கொண்டே இருந்தாள். பத்தாம் நாள் மெலிதினா எழுந்து உட்கார்ந்து வாற்கோதுமைக் கஞ்சி கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

"ஏன்க்கா அழுவுற? பொழச்சதுக்கா?"

"நீ போடி உன் வேலையப் பாத்துக்கிட்டு."

"நல்லாருக்கே! உசுரக் காப்பாத்தினவளுக்கு நீ குடுக்கற மரியாதை!"

மூப்பருக்குத்தான் தர்மசங்கடம். சாகிறவளுக்குக் கொடுத்தாயிற்று, அவள் சாகவில்லை. அப்பம் வாங்கினவளை வாசலில் நிறுத்தலாமா? வாசல்காரியை உள்ளே விடலாமா? அவர் காலத்தில் இப்படி நடந்ததே இல்லை.

"நீ ரெண்டு இடத்துக்கும் வராத மெலிதினா," என்றார். "ஆயர் அன்கிராவுக்குப் போயிருக்கார். பல ஊர் ஆயர்களும் அங்க கூடியிருக்காங்க. வரட்டும். அதுவரைக்கும் வீட்டுல இரு."

அப்படியாக ஏழு ஞாயிற்றுக்கிழமை அவள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வாசலாவது ஓர் இடம். அங்கே நிற்க அவளுக்கு உரிமை இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

சந்தையில் வாய் சும்மா இருக்குமா? வெங்காயம் விற்கிறவன் கேட்டான், "செத்தவங்க கையால மருந்து வாங்கினா பலிக்குமா, பாட்டி?"

"உனக்குப் பலிக்காது. வாயில புண்ணிருக்கவனுக்கு எந்த மருந்தும் நிக்காது."

அதற்குச் சிரித்தவர்களும் லூபோஸ் சொன்னதைக் கேட்டபோது சிரிக்கவில்லை. அவர் சபையாரிடம் வீடு வீடாகச் சொன்னார்: "அவ மருந்துக்காரிங்க. குரோசாணி ஓமத்த எவ்வளவு தின்னா உடம்பு சில்லுனு போகும், எவ்வளவு தின்னா எந்திரிக்கலாம்னு அவளுக்குத் தெரியாதா? விரல் நீலமானது எப்படின்னு நெனக்கிறீங்க? அப்பத்தத் திருடிட்டா." லூபோஸ் கெட்டவர் இல்லை. துன்புறுத்தல் நாட்களில் முதுகில் சாட்டை வாங்கியவர். கஷ்டப்பட்டு வாங்கியதை யாராவது சுலபமாக வாங்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

கோடை தொடங்கி, ஆட்டு மயிர் கத்தரிக்கிற நாட்களில் ஆயர் திரும்பி வந்தார். மூன்று நாள் கோவேறு கழுதை மேல் வந்த களைப்போடு சபையின் முற்றத்தில் அவளை வரவழைத்தார். காலை நேரம். மூப்பர், லூபோஸ், மெலிதினா. சாட்சி சொல்ல ஸோதிகே, கை நனைந்தபடியே ஆற்றிலிருந்து வந்திருந்தாள்.

"உன் விஷயத்தப் பத்தியும் பேசினோம்மா," என்றார் ஆயர். "உன்னத் தனியா இல்ல, உன்ன மாதிரி உள்ளவங்களப் பத்தி. பழைய விதி சாகிறவரைக்கும்னு இருந்துது. அதக் கொஞ்சம் எளக்கியிருக்கோம். இனிமே பத்து வருஷம்."

மெலிதினா மனத்துக்குள் கழித்துப் பார்த்தாள். நாலு வருடம் கூடவே நின்றாயிற்று.

"அப்ப முடிஞ்சுபோச்சா, ஐயா?"

"முடிஞ்சாப்பலதான். ஆனா லூபோஸ் ஒண்ணு சொல்றார். நீ வியாதி மாதிரி நடிச்சேன்னு. அது உண்மையா இருந்தா சபைய ஏமாத்தினதாகும். நீ நடிச்சியா?"

"இல்லீங்க ஐயா."

ஸோதிகே பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்தாள். "நடிப்பாம் நடிப்பு! சாமி, நான் உங்க சபை இல்ல, ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன். என் கையால தொட்டேன், அடுப்புக் கல்லு மாதிரி கொதிச்சுது. ஓமமும் இல்ல ஒண்ணுமில்ல. இவகிட்டேயே கத்துக்கிட்ட பட்டைக் கஷாயத்த நான்தான் ஊத்தினேன். ஜாடி பக்கத்துலயே இருந்துது, மூடி கூடத் திறக்கல. ஊருக்கெல்லாம் காய்ச்சி ஊத்தறவ, தனக்குன்னு வந்தப்ப ஒரு மொடக்குக் குடிக்கலியே! அப்படிக் கெடந்தாளா நடிச்சா?"

லூபோஸ் வாயை மூடிக்கொண்டார். ஆயர் மூடவில்லை.

"ஏம்மா குடிக்கல?"

ஸோதிகே அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று யோசிப்பவள் போல அவர் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆயர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "காய்ச்சல்ல புத்தி கலங்கிப்போயிருக்கும். ஜாடி இருந்ததே தெரிஞ்சிருக்காது. அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பம். மூப்பர் துரோபிமோஸ்கூட அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டினார்.

மெலிதினா தலையாட்டவில்லை.

"தெரிஞ்சுதுங்க ஐயா. பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். பொழச்சா வாசல்தானே, செத்தா அப்பமாவது கெடைக்கும்னு."

"சாகணும்னே படுத்தே."

"ஆமாங்க."

ஆயர் குனிந்து தன் செருப்பில் ஒட்டியிருந்த வழிப்புழுதியைத் தட்டினார். பிறகு சொன்னார்: "அன்னைக்கும் ஒரு உசுரு இருக்கணுமா வேணாமான்னு நீயே தீர்மானிச்சே. இன்னைக்கும் நீயே தீர்மானிச்சிருக்கே. அப்ப இன்னும் உருவாகலன்னு சொல்லிக்கிட்டே, இப்ப அந்தச் சாக்கும் இல்ல."

"தெரியுதுங்க ஐயா. அதனாலதான் சொன்னேன்."

"சொல்லாம இருந்திருக்கலாமே அக்கா," என்று ஸோதிகே முணுமுணுத்தாள். "எல்லாம் என் வாயால வந்துது."

"உன் வாயால இல்லடி. சும்மா இரு."

லூபோஸ், "மறுபடியும் வாசல்தான், வேறென்ன?" என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

"வாசல் வேணாம்," என்றார் ஆயர். "பதினாலு வருஷம் நின்னவள மறுபடி நிக்க வெக்கறது இல்ல. ரெண்டு வருஷம் உள்ள நிக்கட்டும். எல்லாரோடயும் சேந்து ஜெபம் பண்ணட்டும். அப்பம் மட்டும் கெடையாது. ரெண்டு வருஷம் முடிஞ்சா அதுவும்." கொஞ்சம் நிறுத்தி அவளைப் பார்த்தார். "நடுவுல வியாதி வந்தா முதல்ல மருந்து குடிக்கணும். மூப்பர் வந்து பாப்பார். குடிச்சும் முடியலன்னாத்தான் அப்பம். கேட்டியா?"

"நான் எங்கங்க ஐயா பாக்கறது, எனக்கே இடுப்பு புடிச்சுக்கிச்சு," என்றார் மூப்பர்.

"அதுக்கும் அவகிட்ட மருந்து இருக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மெலிதினா உள்ளே போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற லூபோஸ் அவளுக்கு வழி விட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில், தூணோரமாக இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்றவள் சாம்பல் மேட்டிலிருந்து எடுத்து வந்த கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். அது பெண். இன்னும் பெயர் வைக்கவில்லை.

வாசகம் முடிந்தது. ஞானஸ்நானம் பெறாதவர்களை வெளியே போகச் சொன்னார்கள், போனார்கள். பாவத்துக்காக மண்டியிட்டிருந்தவர்களை அனுப்பினார்கள், அவர்களும் போனார்கள். தானும் போக வேண்டியவள்தான் என்று மெலிதினா ஒரு அடி எடுத்து வைத்தாள். "நீங்க இல்ல, நில்லுங்க," என்று பக்கத்திலிருந்தவள் மேலாடையைப் பிடித்தாள். கதவு சாத்தப்பட்டது. பதினான்கு வருடம் கழித்து அந்தக் கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். கீழே ஒரு பலகை புதிதாக மாற்றியிருந்தார்கள்.

அப்பத் தட்டு வந்தது. அவளைத் தாண்டிப் போயிற்று. பக்கத்திலிருந்தவள் வாங்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால், "கொஞ்சம் புடிங்க பாட்டி" என்று குழந்தையை நீட்டினாள். மெலிதினா வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மருந்துக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பார்ப்பதுபோல. லேசாகக் கொதித்தது.

"பல்லு மொளைக்குது," என்று மெதுவாகச் சொன்னாள். "சாயங்காலம் வீட்டுப் பக்கம் வா, மருந்து தரேன்."