காணாமல் போன ஆக்சிஜன்

சிலீர்!

தொட்டிக்குள் பீக்கர் சிதறிய சத்தத்தில் ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. அதைக் கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் அம்மாள் உதட்டை மட்டும் அசைத்தபடி நின்றாள். பீக்கர் போனதில் அவளுக்குக் கவலையில்லை. ஆக்சிஜன் எங்கே போனது என்பதுதான் கவலை.

வெள்ளிக்கிழமை துறைத் தேர்வு. தேறினால் சோதனைக் குழாய் கழுவுவதற்கு முழுக்குப் போட்டுவிட்டு, லேப் அசிஸ்டென்ட் என்று நாற்காலியில் உட்காரலாம். அதுவும் வேறு ஊர்க் கல்லூரியில், வீட்டு வசதியோடு. தவறினால் ஓய்வு பெறும்வரை இதே தொட்டி, இதே பிரஷ். வினாத்தாளில் பாதி, வேதிச் சமன்பாடுகளைச் சமன் செய்வது.

சொல்லித் தர ஆள் தேட வேண்டியதில்லை. மருமகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. எப்பேர்ப்பட்ட மக்குப் பிள்ளையையும் கரையேற்றிவிடுவாள் என்று பெயர். தவிர, மாமியாரை ஊரைவிட்டே அனுப்பக் கிடைத்த வாய்ப்பை எந்த மருமகள் விடுவாள்?

அன்று மாலை சமையலறைக் கதவில் சாக்பீஸால் மருமகள் எழுதினாள்: H₂ + O₂ → H₂O.

"எண்ணுங்க அத்தை. அம்புக்குறிக்கு ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்."

"ஹைட்ரஜன் இங்கே ரெண்டு, அங்கே ரெண்டு. அது யோக்கியம். இந்த ஆக்சிஜன் ஜோடியா உள்ளே போய் ஒத்தையா வெளியே வருதே, இன்னொண்ணை யாரும்மா முழுங்கினது?"

"அதுக்கென்ன, வலது பக்கம் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு சின்ன ரெண்டு போட்டுடுங்க."

மாமியார் போட்டாள். H₂O₂. எண்ணினால் சரியாகத்தான் இருந்தது.

"இப்பவும் இது தண்ணிதானே?"

"தண்ணிதான். கொஞ்சம் கெட்டித் தண்ணின்னு வெச்சுக்குங்களேன்" என்ற மருமகள், அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆய்வகத்தில் வேதியியல் சார் குரல் கொடுத்தார். "மேல் தட்டுல ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும், எடுங்கம்மா."

எடுத்தவள் லேபிளைப் பார்த்ததும் திகைத்தாள். H₂O₂.

"சார், இது கெட்டித் தண்ணியா?"

"குடிச்சுகிடிச்சுத் தொலைச்சுடாதீங்க! வாய் வெந்துடும்." சார் சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "கீழே இருக்கிற சின்ன எண்ணைத் தொடவே கூடாதும்மா. தொட்டா பொருளே வேறயாயிடும். முன்னால பெரிய எண்தான் போடணும். ஹைட்ரஜனுக்கு முன்னால ரெண்டு, தண்ணிக்கு முன்னால ரெண்டு. இப்போ எண்ணுங்க."

ஹைட்ரஜன் நாலுக்கு நாலு. ஆக்சிஜன் ரெண்டுக்கு ரெண்டு. காணாமல் போனது கிடைத்துவிட்டது.

"இது அரிச்சுவடிப் பாடமாச்சே. யார் உங்களுக்குத் தப்பாச் சொல்லித் தந்தது?"

அவள் பாட்டிலை அவரிடம் நீட்டிவிட்டுத் தொட்டிப் பக்கம் நகர்ந்தாள்.

வீட்டுக்கு நடக்கையில் குழப்பம் இன்னும் கூடியது. மருமகளுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே மாற்றிச் சொன்னாளா? என்னைப் பிடிக்கவில்லையென்றால் சீக்கிரம் தேறிப் போய்த் தொலையட்டும் என்றல்லவா இருக்க வேண்டும்? பிடிக்கும் என்றால் யாராவது இப்படிக் காலை வாருவார்களா? எந்தப் பக்கம் போனாலும் கணக்கு உதைத்தது.

செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போய்க் கதவில் எழுதினாள்: 2H₂ + O₂ → 2H₂O.

மருமகளின் முகம் வெளுத்தது. "யாரு அத்தை சொன்னாங்க?"

"பாட்டில் சொல்லுச்சு. உன் கெட்டித் தண்ணி அங்கே மூடி போட்டு உட்கார்ந்திருக்கு. நான் பாஸாகக் கூடாதுன்னு ஏம்மா நினைச்சே? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து மகனின் குரல் வெடித்தது. "என் டவல் எங்கே? டீ ஏன் இப்படிப் பச்சைத் தண்ணியா ஆறிக் கிடக்கு? இந்த வீட்ல காது கேக்கிறவங்க யாருமே இல்லையா?"

"வாயை மூடுடா, தடியா! கொடியில தொங்குது, எந்திரிச்சு எடுத்துக்கோ!" மாமியார் ஓர் அதட்டுப் போட்டாள்.

உள்ளே சத்தம் சட்டென்று அடங்கியது. மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாஸாகிப் போயிட்டா, உங்க பிள்ளையை நான் ஒருத்தியா எப்படி அத்தை சமாளிப்பேன்?"