வாளி கட்டிய மரம்

பதினோரு வருஷமாக அந்த செஸ்ட்நட் மரம் சொலாஞ்சின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைக்காரர்கள். செஸ்ட்நட்டுக்குப் பேர்போன அர்தேஷ் மலைமேல் பிறந்த அவள் ஒருத்திதான், தாய்வீட்டுக் கன்றைக் கொண்டுவந்து வைத்தாள். முள்ளுருண்டைகள் என்னவோ கூடை கூடையாக விழுந்தன. பிளந்தால் உள்ளே கொட்டை இல்லை, தட்டையாக வெறும் தோல்.

"இந்த வருஷமும் இப்படின்னா வெட்டிடுவேன். என் தக்காளிக்கு வெயில் வேணும்" என்று புருஷன் ஏமே ரம்பத்தைத் தீட்டி வைத்துவிட்டான்.

ஒற்றை மரம் காய்க்காது, வேறு ஜாதி மரத்தின் பூந்தூள் வேண்டும் என்று மலையிலிருக்கும் அண்ணன் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஜூனில் மலைக்குப் போய்ப் பூத்த கிளைகளை வெட்டிவந்தாள். அறுபத்திரண்டு வயதில் ஏணியில் ஏறி, தூள் காற்றில் பரவும்வரை வாடாமலிருக்க ஐந்து வாளித் தண்ணீரில் அவற்றைச் செருகி மரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். உச்சிக்கு மட்டும் ஏணி எட்டவில்லை.

தபால்காரி நதேஜ் சைக்கிளை நிறுத்திச் சிரித்தாள். "என்னக்கா, மரத்தைக் குளிப்பாட்டப் போறீங்களா?"

"அக்டோபர்ல வாடி, பேசிக்கலாம்."

அக்டோபரில் உருண்டைகள் உதிர்ந்தன. சொலாஞ் பூட்ஸ் காலால் மிதித்துப் பிதுக்கி, கொட்டைகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினாள். சொத்தை மிதக்கும், நல்லது மூழ்கும். போன வருஷம்வரை எல்லாமே மிதந்தன.

பாதிக்கு மேல் அடியில் போய் உட்கார்ந்தன.

ஏமே சட்டைக்கையைச் சுருட்டித் தொட்டிக்குள் கைவிட்டான். கை நிறையக் கொழுத்த கொட்டைகள், எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன. மிதந்த தட்டைகளையும் எடுத்துப் பார்த்தான்.

"இது எந்தப் பக்கத்துது?"

"உச்சிக்கிளையாத்தான் இருக்கும். அங்க வாளி கட்டலையே."

அவன் ரம்பத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தான்.

மாலையில் நதேஜுக்கு வறுத்த கொட்டையை அவனே உரித்துக் கொடுத்தான். "என் பொண்டாட்டி மலைக்காரி, தெரியும்ல? வாளி கட்டலாம்னப்பவே நான் சரின்னுட்டேன்."

சொலாஞ்சுக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்காக அவனைச் சும்மா விடவும் மனசில்லை.

"ஆமாமா, ஐயாவோட யோசனைதான் எல்லாம். அடுத்த ஜூன்ல உச்சிக்கு ஏறப்போறதும் ஐயாதான்!"