ஐந்து பத்து ரயில்

சாந்தகுமார் முதலாளி திறப்பு விழா மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். இரத்மலானைச் சாயத் தொழிற்சாலையில் அவர் வைத்திருக்கும் புதிய பொயிலர் மின்சாரமும் தரும், மிஞ்சிய சூட்டில் துணிக்குச் சாயமும் ஏற்றும். "ஒரு சொட்டு ஆவிகூட வீண்போகாது."

பொயிலரை இயக்கும் ஸ்ரான்லிக்கு அதுதான் வருத்தம்.

பழைய பொயிலர் ஊதாரி. அதன் தயவில், ஐந்து பத்து ரயில் பின்பக்கத் தண்டவாளத்தைக் கடக்கும்போதெல்லாம் அவன் கொஞ்சம் ஆவியை வானத்துக்கு விடுவான். மொறட்டுவைக் கந்தோரில் வேலை முடிந்து அந்த ரயிலில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் ரொஷேலுக்கு அது வணக்கம். இரண்டு வருடக் காதலில் நடந்தது அவ்வளவுதான். நேரில் கண்டால் அவனுக்கு வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை அவள் இத்தாலிக்குப் போகிறாள், வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்கு. இன்றுதான் அவளுடைய கடைசி ரயில். "போக வேண்டாமெண்டா இண்டைக்கும் புகை காட்டுங்கோ," என்று மெசேஜ் போட்டிருந்தாள். "இல்லாட்டி போறன்."

பிரதம விருந்தினர் நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினார். பொயிலரை விடியற்காலையிலேயே மூட்டியாயிற்று; அது யாருடைய நல்ல நேரத்துக்கும் உடனே கொதிக்காது. பொத்தானிலிருந்து போன வயர் ஒரு பச்சை பல்புக்கு மட்டுந்தான் என்பது, அதைப் பூட்டிய எலக்ட்ரீஷியன் ரிம்ஸானுக்குத் தெரியும். பல்பு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மணி ஐந்து பத்து. ஸ்ரான்லி பாதுகாப்பு வால்வின் கைப்பிடியைப் பிடித்தான்.

"மச்சான், வேலை போகும்," என்றான் ரிம்ஸான்.

"போனாப் போகட்டும்."

வெள்ளை ஆவி அலறிக்கொண்டு கூரைக்கு மேல் எழுந்தது. மேடையில் இருந்தவர்கள் துள்ளி எழுந்ததில் இரண்டு கதிரை விழுந்தது. ரயிலை மட்டும் காணவில்லை, வழக்கம்போலப் பிந்தியிருந்தது. ஆவி கரைந்துபோயிற்று.

முதலாளி பல்லைக் கடித்தபடி ஓடிவந்தார். பின்னால் வந்த பிரதம விருந்தினருக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"எனக்கு மரியாதையா? நல்லது. வீடியோக்காரன் தவற விட்டிட்டான். இன்னொருக்கா விடச் சொல்லுங்கோ."

"ஓம், ஓம், உங்களுக்கெண்டே செய்த ஏற்பாடு," என்றார் முதலாளி. "ஸ்ரான்லி, விடும்."

"அழுத்தம் ஏறட்டும் சேர்," என்றான் ஸ்ரான்லி, தண்டவாளப் பக்கம் காதைக் கொடுத்தபடி.

அழுத்தம் ஏறித்தான் இருந்தது. பிரதம விருந்தினர் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு ஏழு நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்றார். ரயிலின் ஹோர்ன் கேட்டது. ஸ்ரான்லி இழுத்தான்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய் மறைந்தன. எந்த யன்னல் அவளுடையது என்று இங்கிருந்து ஒருநாளும் தெரிந்ததில்லை.

கைதட்டல் ஓயுமுன் ஃபோன் அதிர்ந்தது. "கண்டனான். நாளைக்குக் கோயிலடிக்கு வாங்கோ. வாயால சொன்னாத்தான் டிக்கெட்டை கான்சல் பண்ணுவன்."

ஸ்ரான்லி அதை நாலு தரம் வாசித்தான். பிறகு ரிம்ஸானின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, "போகாதை," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"நான் எங்கயும் போகல்லயே மச்சான்," என்றான் ரிம்ஸான்.